கப்பலில் தண்டவாளம்

“மேடம், கப்பல்ல தண்டவாளம் உண்டுங்களா?” என்று கேட்டுக்கொண்டு தமிழ் சார் என் வகுப்பு வாசலில் வந்து நின்றது இன்றைக்கும் கண்ணுக்குள் இருக்கிறது. எண்பதுகளின் நடுவில் ஒரு ஜூலை மாதம். திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த தனியார் கல்லூரியின் வணிகவியல் வகுப்பு. பாடம் பாதியில் நின்றது. அவர் சட்டைப் பையில் சாக்பீஸ், கையில் நான் மொழிபெயர்க்கக் கொடுத்திருந்த ஆங்கிலக் குறிப்பு, முகத்தில் அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துவிட்டவரின் அவசரம். மாணவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. புத்தகத்தில் ‘ஷிப்ஸ் ரெயில்’ என்று இருந்தது உண்மை. திண்டிவனத்தில் ரெயில் என்றால் ஒரே பொருள்தான். நான் அதுவரை கப்பலைப் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை. கட்டுமரத்தைத் தவிர கடலில் வேறு எதையும் பார்த்திராத இரண்டு பேர் சேர்ந்து, பிள்ளைகளுக்கு உலக வணிகம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பியிருந்தோம்.

அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அந்த வருடம்தான் இறுதியாண்டு வணிகவியலுக்குப் பன்னாட்டு வணிகம் என்று ஒரு புதிய தாள் வந்தது. வந்தது ஆங்கில வழி வகுப்புக்கு மட்டும். தமிழ்வழி வகுப்புக்கு வழக்கம்போல் கூட்டுறவு. கூட்டுறவு மட்டமான பாடம் ஒன்றும் இல்லை, நானே அதை ஆசையாக நடத்தியிருக்கிறேன். ஆனால் பக்கத்து அறையில் ஒரு பாடம் நடக்கிறது, அது உங்களுக்கு வேண்டாம், உங்களுக்கு இதுவே போதும் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதன் பிறகு சர்க்கரைப் பொங்கலும் தொண்டையில் இறங்காது. தமிழ்வழிப் பிள்ளைகள் கும்பலாகப் போய்ப் பிரின்சிபாலைப் பார்த்தார்கள். அவர் நல்ல மனிதர், பயந்தவர். “நீங்க இன்னா, கப்பல் வியாபாரமா பண்ணப் போறீங்க?” என்று கேட்டிருக்கிறார். அவர்கள் நகரவில்லை. கடைசியில் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டு, ஒரு வருடம் நடத்திப் பார்க்க அனுமதி வாங்கினார். வருடக் கடைசியில் ஒரு குழு வரும், வகுப்பில் உட்காரும், பிள்ளைகளைக் கேள்வி கேட்கும். திருப்தி என்றால் தமிழ்வழிக்கும் தாள் நிலைக்கும். இல்லையென்றால் அவர்கள் கூட்டுறவையே எழுதிவிட்டுப் போக வேண்டும். நடத்த யார் இருக்கிறார்கள் என்று பார்த்தபோது நான் கை தூக்கினேன். விழுப்புரத்தில் பள்ளிக்கூடம் முழுவதும் தமிழில் படித்தவள் நான். கல்லூரிக்குப் போன முதல் வருடம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த ரோஷம் எனக்கு அப்போதும் ஆறவில்லை, இப்போதும் ஆறவில்லை.

பிள்ளைகளுக்கு அந்தத் தாளின் மேல் அப்படி என்ன ஆசை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கோட்டக்குப்பத்திலிருந்து வந்த பையனின் அப்பா துபாயில் இருந்தார். வீட்டுக்கு வரும் டேப்ரெக்கார்டரும் போர்வையும் எந்த வழியாக எப்படி வருகின்றன என்று தெரிய வேண்டும் அவனுக்கு. வல்லத்துப் பக்கத்துப் பையன் ஒருவன், மல்லாட்டை போடும் குடும்பம், வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. தாங்கள் விளைத்த மல்லாட்டை சீமைக்குப் போகிறதாம், அங்கே யார் தின்கிறார்கள் என்பது அவன் கவலை. முன் பெஞ்சில் உட்காரும் பெண்ணின் அப்பா மண்டியில் மூட்டை தூக்குபவர். அவள் காரணம் எதுவும் சொல்லவில்லை. “எங்களுக்கு இல்லன்னு சொன்னாங்க இல்ல, அதான் மேடம்” என்றாள். எனக்கு அந்தக் காரணம்தான் ரொம்பப் பிடித்தது.

புத்தகமோ எல்லாம் ஆங்கிலம். தமிழ்த்துறையில் உதவி கேட்டேன். மூத்தவர்கள், சங்க இலக்கியம் சொல்லித்தரும் வாயால் சரக்குச் சீட்டு, சுங்க வரி என்றெல்லாம் சொல்ல முடியாது என்பதுபோலப் பார்த்தார்கள். முந்தின வருடம்தான் சேர்ந்திருந்த இளையவர் ஒருவர் மட்டும் குறிப்பைக் கையில் வாங்கிக்கொண்டார். அவரைத்தான் எல்லோரும் தமிழ் சார் என்போம். அவரும் விழுப்புரம், நானும் விழுப்புரம். காலையில் ஒரே பஸ். அவருக்கு ஒரு வியாதி உண்டு. வழியில் தெரியும் கடைப் பலகைகளில் எங்கே ‘க்’ விட்டுப் போயிற்று, எங்கே ‘ச்’ வேண்டாமல் வந்தது என்று ஜன்னல் வழியாகத் திருத்திக்கொண்டே வருவார். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் ஒரு தெருவையே ஃபெயில் ஆக்கிவிடுவார். முந்தின வருடம் இந்தப் பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்தியதும் அவர்தான், நடத்தும்போது வகுப்பே பாதி தூங்கும். அது அவருக்கும் தெரியும். “தூங்கட்டுங்க மேடம், காதுல விழுந்துகினுதான் இருக்கும்” என்பார்.

சொல் உண்டாக்குவதில் அவருக்குப் பேராசை. ‘லெட்டர் ஆஃப் கிரெடிட்’டுக்குக் கடனுறுதி மடல் என்று ஒன்றைச் செய்துகொண்டு வந்து, பஸ்ஸிலேயே கண்டக்டரிடம் சோதித்துப் பார்த்தார். “அண்ணே, கடனுறுதி மடல்னா ஒங்களுக்கு இன்னா புரியுது?” கண்டக்டர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு யோசித்தார். “மடல்ன்றீங்க. கல்யாணப் பத்திரிகைங்களா சார்?” நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். தமிழ் சார் அந்தச் சொல்லை அடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனார். சிரித்தால் கோபித்துக்கொள்ளாதவர் என்பதே அவரிடம் எனக்கு முதலில் பிடித்தது. கப்பல் தண்டவாளமும் இப்படித்தான் பிறந்தது, இப்படித்தான் இறந்தது. அகராதியைப் புரட்டி, அது கப்பலின் ஓரத்தில் ஆள் விழாமல் இருக்க வைத்த கம்பி என்று தெரிந்துகொண்டு, ‘கப்பல் விளிம்பு’ என்று வைத்துக்கொண்டோம். அந்த விளிம்பு எதற்காகப் புத்தகத்தில் வருகிறது என்பது மட்டும் இருவருக்கும் சரியாகப் பிடிபடவில்லை.

முதல் தேர்வு வைத்தேன். எடுத்தவுடன் பயமுறுத்த வேண்டாம் என்று சுலபமான கேள்வி: ஏற்றுமதி, இறக்குமதி என்றால் என்ன? முன் பெஞ்சுப் பெண் எழுதியிருந்த விடையை நான் பஸ்ஸில் தமிழ் சாரிடம் படித்துக் காட்டினேன். “மண்டியில் மூட்டையை லாரியில் ஏற்றுவது ஏற்றுமதி. மெட்ராஸில் லாரியிலிருந்து இறக்குவது இறக்குமதி. ஏற்றுகிற கூலியை மண்டிக்காரர் தர வேண்டும். இறக்குகிற கூலியை வாங்குகிறவர் தர வேண்டும். இதில்தான் தகராறு வரும்.” அவள் மட்டும் இல்லை, பாதி வகுப்பு இதே மாதிரிதான் எழுதியிருந்தது. ஒரு நாடும் இல்லை, ஒரு கடலும் இல்லை. அவர் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளை என் கையிலிருந்து வாங்கி மறுபடி படித்தார். “இதுல தப்பு எங்க இருக்குதுங்க மேடம்?” என்றார். “ஏத்து, எறக்கு. இந்தச் சொல்ல முதல்ல உண்டாக்குனவன் கணக்கப்பிள்ளையா இருக்க மாட்டான். தொறமுகத்துல நின்னுகினு சரக்கு ஏத்துறதப் பாத்தவனாத்தான் இருப்பான். நாமதான் ஏத்துறத மறந்துட்டு நாட்டப் புடிச்சிக்கினு இருக்கோம். இந்தப் புள்ள சொல்லுக்குச் சொல்லு சரியா எழுதி இருக்குது.”

தகராறு என்று அவள் எழுதிய சொல் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மடியில் இருந்த புத்தகத்தை அங்கேயே திறந்தேன். எஃப்.ஓ.பி. என்ற தலைப்பு. விற்கிறவர் சரக்கைக் கப்பலில் ஏற்றித் தரும் வரை செலவும் அவருடையது, நஷ்டமும் அவருடையது. சரக்கு கப்பல் விளிம்பைத் தாண்டிய நொடியிலிருந்து எல்லாம் வாங்குகிறவருடையது. நான் படிக்கப் படிக்கத் தமிழ் சார் சீட்டிலிருந்து அரை அடி எழுந்துவிட்டார். “ஏத்துக் கூலி, எறக்குக் கூலி” என்றார். ஆமாம் என்றேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. அன்றைக்குத் திண்டிவனம் வந்தும் நாங்கள் இறங்காமல் உட்கார்ந்திருந்தோம். “பஸ்ஸு செஞ்சி போவாது, எறங்குங்க ஜல்தி” என்று கண்டக்டர் வந்து விரட்டினார்.

அன்று நான் பாடக் குறிப்பைத் தொடவில்லை. முன் பெஞ்சுப் பெண்ணை எழுப்பி, மண்டியில் மூட்டை எப்படி ஏறும் என்று சொல்லச் சொன்னேன். அவள் முதலில் தயங்கினாள். கேலி செய்கிறேனோ என்று சந்தேகம். பிறகு சொன்னாள். கீழே நிற்பவர் மூட்டையைத் தூக்கிக் கொடுப்பார். லாரியின் மேல் நிற்பவர் கொக்கி போட்டு வாங்கி அடுக்குவார். நடுவில் லாரியின் பின்பலகை. பலகையைத் தாண்டுவதற்கு முன் மூட்டை பிய்ந்தால் மண்டிக்காரருக்கு நஷ்டம், தாண்டிய பிறகு பிய்ந்தால் சரக்கு வாங்கிய பார்ட்டிக்கு நஷ்டம். அவள் முடிப்பதற்குள் வல்லத்துப் பையன் எழுந்துவிட்டான். “அதெல்லாம் பேச்சுக்குத்தான். பாதி மூட்ட பலகைக்கு இந்தாண்ட, பாதி அந்தாண்ட இருக்கறப்ப பிஞ்சிதுன்னா?” என்றான். “மேல இருக்கறவரு கொக்கி போட்டுட்டாரா இல்லியா, அதப் பாக்கணும்” என்றாள் அவள். “கொக்கிய போட்டதாலதானே பிஞ்சிது” என்றான் அவன். அவ்வளவுதான், வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. விளைவிக்கிறவர் வீட்டுப் பிள்ளைகள் ஒரு பக்கம், தூக்குகிறவர் வீட்டுப் பிள்ளைகள் ஒரு பக்கம். கோட்டக்குப்பத்துப் பையன் நடுவில் எழுந்து, “துபாய்ல ஏத்துறப்ப நல்லா இருந்த டேப்ரெக்கார்டரு மெட்ராஸ்ல எறங்குறப்ப ஒடஞ்சி இருந்துதே, அதுக்கு யாருங்க மேடம் பதில் சொல்லுவாங்க?” என்று கேட்டான். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. கரும்பலகையில் ஒரு கப்பலை வரைந்தேன். கப்பல் மாதிரி இல்லை, செருப்பு மாதிரிதான் இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, இதுதான் கப்பல் விளிம்பு, இதுதான் உலகம் முழுவதற்கும் லாரிப் பலகை என்றேன். பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் என்றால் என்ன என்று லண்டன் நீதிபதிகளும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்று நான் படித்திருந்ததைச் சொன்னபோது, வல்லத்துப் பையன் சுற்றிலும் திரும்பிப் பார்த்து, “பாத்தியா?” என்றான். ஜன்னலுக்கு வெளியே, தன் வகுப்பை விட்டுவிட்டு, தமிழ் சார் நின்றுகொண்டிருந்தார்.

அந்த வருடம் போனதே தெரியவில்லை. வாத்தியார் வேலையில் எப்போதாவது ஒரு வருடம்தான் அப்படி வாய்க்கும். காலையில் எழுந்தால் பஸ்ஸைப் பிடிக்கக் கால்கள் தாமாக ஓடும். ஒரே மல்லாட்டைக்கு எத்தனை விலை உண்டு என்று கேட்டால் பிள்ளைகளே அடுக்கினார்கள். விளைந்த இடத்திலேயே வந்து எடுத்துக்கொண்டால் கொல்லி விலை. மண்டிக்குக் கொண்டுவந்து லாரியில் ஏற்றிக் கொடுத்தால் மண்டி விலை. மெட்ராஸ் கொண்டுபோய்ச் சேர்த்தால் மெட்ராஸ் விலை. புத்தகத்தில் இருந்த மூன்றெழுத்துச் சுருக்கங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து இவற்றின் பக்கத்தில் நிறுத்தினேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை. சரக்கு எந்த இடத்தில் கை மாறுகிறதோ அதை வைத்துத்தான் விலை, விலையை மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டதாகும் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. தமிழ் சார் தன் உயர்ந்த சொற்களை எல்லாம் எடுத்துவைத்துவிட்டு, பிள்ளைகள் வாயிலிருந்து வருவதை எழுதிக்கொண்டு போய், மறுநாள் கொஞ்சம் தலை சீவி, பொட்டு வைத்துக் கொண்டுவருவார். ‘கொல்லி’யை மட்டும் ‘கொல்லை’ என்று திருத்தலாமா என்று பஸ்ஸில் இரண்டு ஊர் தாண்டும் வரை தவித்தார். பிறகு விட்டுவிட்டார்.

பிரின்சிபாலுக்குத்தான் உறக்கம் இல்லை. எங்கள் வகுப்பிலிருந்து வரும் கூச்சல் அவர் அறை வரைக்கும் கேட்கும். குழு வருவதற்கு முந்தின வாரம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “மேடம், ஒங்க ஆர்வம் எனக்குப் புரியுது. ஆனா அவங்க வர்றப்ப இந்த மண்டி, கொல்லி, கொக்கி, இதெல்லாம் வேணாங்க. டீசன்டா நடத்துங்க. பேஜாராயிடப் போவுது” என்றார். சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று மாலை பஸ்ஸில் தமிழ் சாரிடம் அதைச் சொன்னேன். பிள்ளைகளை மண்டியை மறக்கச் சொன்னால் பாடத்தை மறப்பார்கள். சொல்லாவிட்டால் குழு சிரித்துவிட்டுப் போகும். இரண்டில் எது நடந்தாலும் அவர்களுடைய தாள் போய்விடும். தமிழ் சார், “நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க மேடம். அவுங்களுக்கா எது வருதோ அது வரட்டும்” என்றார். அன்று அவர் கடைப் பலகை எதையும் திருத்தவில்லை.

குழுவில் இரண்டு பேர். தலைவர் வயதானவர், நரைத்த தலை, கோட்டு. இன்னொருவர் கோப்பும் கையுமாக இருந்தார். பிரின்சிபால் கதவோரம் நின்றார். தமிழ் சார் அனுமதி கேட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் மாணவர்களோடு போய் உட்கார்ந்தார். தலைவர் ஆங்கிலத்தில்தான் தொடங்கினார். எஃப்.ஓ.பி. என்றால் என்ன என்று கேட்டார். ஒருவரும் எழவில்லை. அந்த வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. கேள்வி புரிந்துவிட்டது, பதிலும் தெரியும், எந்த மொழியில் வாயைத் திறப்பது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. கோப்புக்காரர் எதையோ குறித்துக்கொண்டார். அப்போது முன் பெஞ்சுப் பெண் எழுந்தாள். “தமிழ்ல சொல்லலாங்களா சார்?” என்று கேட்டாள். அவர் தலையசைத்தார்.

“ஏத்துக் கூலி எங்களுது, எறக்குக் கூலி ஒங்களுது சார். மூட்ட பலகையத் தாண்டுற வரைக்கும் எங்க பொறுப்பு. தாண்டிடுச்சின்னா ஒங்க பொறுப்பு. கப்பலா இருந்தா விளிம்பு, லாரியா இருந்தா பலகை.” பிரின்சிபால் கண்ணை மூடிக்கொண்டார். கோப்புக்காரர் புன்னகை செய்தார், அது நல்ல புன்னகை இல்லை. தலைவர் மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு பேசினார். அது அதுவரை பேசியவருடைய குரலே இல்லை.

“அது எப்டிம்மா? எங்க ஊர்ல அப்டி இல்லியே. மூட்ட பலகையத் தாண்டி லாரிக்குள்ள போயி, மெட்ராஸ் போற வழியில பிஞ்சிதுன்னு சொல்லி, அதையும் எங்கப்பா தலையிலதானே கட்டுனானுங்க. நான் பாத்துகினுதானே இருந்தேன், சின்னப் புள்ளயா.”

அவர் செஞ்சிப் பக்கத்துக்காரர் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. வகுப்பு மொத்தமும் நிமிர்ந்தது. வல்லத்துப் பையன் பின்னாலிருந்து, “அது அநியாயங்க சார்” என்றான். “அநியாயம்தான்” என்றார் தலைவர், உண்மையான கோபத்தோடு. முன் பெஞ்சுப் பெண் உட்காரவில்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அந்த நேரத்தில் பயமும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. வகுப்பில் சண்டை போடும்போது எப்படி இருப்பாளோ அப்படியே இருந்தாள்.

“எந்த வெலைக்குப் பேசுனாங்க சார்? மண்டி வெலயா, மெட்ராஸ் வெலயா?”

தலைவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “மெட்ராஸ் வெலதாம்மா” என்றார். “அதுல கொஞ்சம் கூட வரும்னு எங்கப்பா ஆசப்பட்டாரு.”

“அப்ப அது வேற வெலைங்க சார். மெட்ராஸ் வெல வாங்குனா மெட்ராஸ் போயி சேர்ற வரைக்கும் மூட்ட ஒங்களுதுதான். அநியாயம் இல்லீங்க சார். அத யாரும் ஒங்கப்பாவுக்குச் சொல்லல, அவ்ளோதான்.”

நான் பாடம் நடத்திய இத்தனை வருடங்களில் ஒரு வகுப்பறையில் அதைவிட நல்ல பதிலைக் கேட்டதில்லை. கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பி, துடைக்க வேண்டிய தேவையே இல்லாத ஒரு இடத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். தலைவர் அதன் பிறகு ஆங்கிலத்துக்குத் திரும்பவே இல்லை. மணி அடித்தும் எழவில்லை. கொல்லி விலையைப் பற்றி வல்லத்துப் பையனோடு வாக்குவாதம், டேப்ரெக்கார்டரைப் பற்றிக் கோட்டக்குப்பத்துப் பையனோடு வாக்குவாதம். கோப்புக்காரர் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போகும்போது தலைவர் எங்களிடம் முடிவு எதுவும் சொல்லவில்லை, பிரின்சிபாலிடமும் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. பிரின்சிபாலின் கையெழுத்து. “பன்னாட்டு வணிகத் தாளைத் தமிழ்வழி மாணவரும் எழுதலாம்.” பிள்ளைகள் குதித்த குதியில் பக்கத்து வகுப்பு வாத்தியார் வெளியே வந்துவிட்டார். தமிழ் சாரைத் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். நானும் சின்னப் பெண்போலக் கை தட்டினேன். அந்த ஆரவாரத்துக்கு நடுவில் முன் பெஞ்சுப் பெண் மட்டும் தாளை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தாள். “சார்” என்று கூப்பிட்டாள். “இந்த ‘மாணவரும்’ன்றதுல வர்ற ‘உம்’ இன்னா உம்முங்க சார்? எச்சமா, இழிவு சிறப்பா?”

தமிழ் சாரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். இலக்கணம் மறந்துபோனவர்களுக்காகச் சொல்கிறேன். நானும் வருகிறேன் என்றால், வேறு பேர் வருகிறார்கள், அவர்களோடு நானும் சேர்ந்து வருகிறேன் என்று பொருள். அது எச்ச உம்மை. அதைக் கழுதையும் தின்னாது என்றால், கேவலம் கழுதைகூட அதைத் தொடாது என்று பொருள். அது இழிவு சிறப்பும்மை. ஆங்கில வழிக்காரர்களோடு சேர்ந்து இவர்களும் எழுதலாம் என்கிறதா அந்தத் தாள், அல்லது போனால் போகிறது, இவர்கள்கூட எழுதிவிட்டுப் போகட்டும் என்கிறதா? அவள் கேட்டது அதுதான். தூங்கிக்கொண்டிருந்த வகுப்பில் அது அவள் காதில் விழுந்துதான் இருந்திருக்கிறது.

கூட்டம் அடங்கியது. தமிழ் சார் தாளைப் பார்த்தார், பிரின்சிபால் அறையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “எழுதுனவரு மனசுல இன்னா உம் இருந்துதுன்னு எனக்குத் தெரியாதும்மா” என்றார் மெதுவாக. “சொல்ல மட்டும் பாத்தா ரெண்டும்தான். ரிசல்ட் வந்தா ஒண்ணுதான் நிக்கும்.”

அவர்கள் அந்தப் பரீட்சைக்குப் படித்த படிப்பு இருக்கிறதே, அதை நான் வேறு எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் படித்தார்கள், பஸ் ஸ்டாண்டில் படித்தார்கள், ஒருவரை ஒருவர் மடக்கிக்கொண்டே படித்தார்கள். எந்த உம் என்பதை ஆளுக்கு ஆள் தாங்களே தீர்த்துவிடுவது என்று கிளம்பியிருந்தார்கள்.

இப்போது நான் ஓய்வு பெற்று விழுப்புரத்தில் இருக்கிறேன். புறவழிச்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போகின்றன. உள்ளே என்ன இருக்கிறது, எந்த நாட்டுக்குப் போகிறது என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது, பெட்டியைப் பூட்டி முத்திரை வைத்துவிடுகிறார்கள். அந்தக் கப்பல் விளிம்பு விதியையே உலகம் கைவிட்டுவிட்டது என்று சில வருடங்களுக்கு முன்பு படித்தேன். இப்போதெல்லாம் விளிம்பை யாரும் கேட்பதில்லை, சரக்கு கப்பலில் ஏறிவிட்டதா என்பதுதான் கேள்வியாம். ஒரு பழைய சிநேகிதியின் சாவுச் செய்தியைக் கேட்டதுபோல இருந்தது. தமிழ் சாருக்குப் போன் செய்து சொன்னேன். “பசங்க யாருக்காவது தெரியுமா மேடம்?” என்று கேட்டார். அந்தப் பசங்களுக்கு இப்போது பேரப் பிள்ளைகள் இருப்பார்கள்.

அந்தப் பரீட்சைக்கு ஜூன் மாதம் ரிசல்ட் வந்தது. தமிழ்வழி வகுப்பில் ஒருவர்கூடப் பன்னாட்டு வணிகத்தில் தவறவில்லை. நாங்கள் பிள்ளைகளைத் தேடி ஊர் ஊராகப் போகவில்லை, அவர்களே வந்துவிட்டார்கள். எல்லோரும் அறிவிப்புப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தபோது, பிரின்சிபால் தானே ஒரு தாளையும் பசை டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் யாரையும் பார்க்காமல், புதிய கல்வியாண்டுக்கான அறிவிப்பை ஒட்டிவிட்டு, தாளின் ஓரங்களை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார். நான் தமிழ் சாரின் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தேன். “இறுதியாண்டு வணிகவியல் மாணவர் அனைவரும் பன்னாட்டு வணிகத் தாளை எழுத வேண்டும்.”

தமிழ் சார் ‘அனைவரும்’ என்ற சொல்லின் கடைசியில் விரலை வைத்தார். பசை இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டியது. முன் பெஞ்சுப் பெண் பக்கத்தில் நின்றாள். இந்த முறை அவள் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

“இது முற்றும்மைம்மா. இதுல யாரும் பாக்கி இல்ல.”